ஆல்பைன் பந்தயப் பலகையும் அதன் மேல் ஏறும் பிளேட்டும்: ஓர் எளிய அறிமுகம்

“இந்தப் பலகை விறைப்பு, அந்தப் பலகை சாந்தம்” என்று ஆல்பைன் ஸ்னோபோர்டுகளை, அதாவது பனிச்சரிவில் நின்றபடி சறுக்கி இறங்கும் ஒற்றைப் பலகைகளை, ஒப்பிடுபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இரண்டையும் பிளேட்டோடு (பலகைக்கும் காலணியைப் பிடிக்கும் பைண்டிங்குக்கும் நடுவில் வரும் தட்டு) ஓட்டினீர்களா, பிளேட் இல்லாமல் ஓட்டினீர்களா? பெரும்பாலும் ஒன்றை அப்படியும் மற்றொன்றை இப்படியும் ஓட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிளேட்டைப் பற்றிய பேச்சு இன்னும் குழப்பமானது. அது பலகையை விறைப்பாக்கும் என்பார்கள், விசை கூட்டும் என்பார்கள், வெறும் உயரத்துக்குத்தான் என்பாரும் உண்டு. நல்ல பிளேட் எதையும் கூட்டுவதற்காக வந்ததல்ல. பூட்டிய கால்கள் பலகைக்குச் செய்யும் இடைஞ்சலை நீக்க வந்தது. இந்த ஒன்று புரிந்தால் மற்றவை தாமாகவே இடத்தில் உட்காரும். அதைப் புரிந்துகொள்ள, முதலில் பலகை என்ன செய்யப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

எந்த ஸ்னோபோர்டைப் பற்றிப் பேசுகிறோம்?

துள்ளிக் குதித்து வித்தை காட்டும் அகலமான, மெத்தென்ற பலகையை மறந்துவிடுங்கள். ஆல்பைன் பலகை நீளமானது, ஒடுக்கமானது. நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம் ஸ்லாலம்; கம்பங்கள் தள்ளித் தள்ளி நின்றால் ஜயன்ட் ஸ்லாலம். ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலத்தில் ஓட்டும் பலகை ஏறத்தாழ 185 செ.மீ. நீளம் இருக்கும், ஸ்லாலம் பலகை 160 செ.மீ. அளவில். இடுப்பு அகலம் 20 செ.மீ.க்குச் சற்று முன்பின். காலில் பனிச்சறுக்கு (இரண்டு கட்டைகளில் ஓட்டும் ஸ்கீ) வீரர்கள் அணிவது போன்ற கெட்டி பிளாஸ்டிக் காலணி, அதாவது ஹார்டு பூட். அதைப் பலகையோடு பிணைக்கும் உலோகப் பிடிக்கு பைண்டிங் என்று பெயர். இரண்டு பாதமும் பலகையின் முன்முனையான மூக்கை நோக்கி 50 முதல் 65 பாகை வரை திரும்பியிருக்கும்.

1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக நுழைந்தபோது ஜயன்ட் ஸ்லாலத்தில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். 2002 சால்ட் லேக் சிட்டியிலிருந்து அது இணை ஜயன்ட் ஸ்லாலமாக மாறியது: சிவப்புத் தடம், நீலத் தடம் என்று இருவர் பக்கத்தில் பக்கத்தில் இறங்கிப் போட்டியிடுவார்கள். 2018 பியோங்சாங்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா இந்தப் பந்தயத்தில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கின் வேகப் பந்தயங்களில் ஒன்றான சூப்பர்-ஜி தங்கத்தையும் அவரே எடுத்தார். ஸ்னோபோர்டு என்றால் விளையாட்டுத்தனம் என்று எண்ணுபவர்களுக்கு அந்த ஒரு வாரம் போதுமான பதில்.

வளைவது யார்?

பந்தயத்தில் எல்லாமே கார்விங்தான். பலகையைப் பக்கவாட்டில் வழுக்கவிடாமல், அதன் எஃகு விளிம்பு பனியில் ஒரே கோடாக அறுத்துக்கொண்டு திரும்புவதே கார்விங். வழுக்கினால் பனித்தூள் பறக்கும், வேகம் போய்விடும்.

பலகையை மேலிருந்து பார்த்தால் மூக்கும் வாலும் அகன்று இடுப்பு ஒடுங்கியிருக்கும். பக்கவாட்டில் உள்ள இந்த உள்வளைவுதான் சைட்கட். அதை நீட்டி முழு வட்டமாக்கினால் கிடைக்கும் ஆரத்தைத்தான் “20 மீட்டர் சைட்கட்” என்று எழுதுகிறார்கள். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து, இந்தப் பலகை 20 மீட்டர் ஆரத்தில்தான் திரும்பும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல.

விளிம்பு பனியைத் தொடும் நீளம் 150 செ.மீ., சைட்கட் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உள்வளைவின் ஆழம் நடுவில் வெறும் 14 மில்லிமீட்டர்தான் வரும். இப்போது பலகையை 60 பாகை சாய்த்து நிறுத்துங்கள். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் பனியைத் தொடும். நடுவிளிம்பு தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதுவும் பனியைத் தொட வேண்டுமானால், பலகையின் நடுப்பகுதி ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் வளைந்தாக வேண்டும். வளைந்தபின் விளிம்பு பனியில் வரையும் கோட்டின் ஆரம் 20 மீட்டர் அல்ல, 10 மீட்டர். சாய்வு 70 பாகையானால் ஆரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

கெட்டியான பனி, சரிவில்லாத தளம் என்று எளிமைப்படுத்திப் போட்ட கணக்கு இது. அதே எளிமையில் இன்னொன்றும் சொல்லலாம். 60 பாகை சாய்வில், 10 மீட்டர் ஆரத்தில் சமநிலையோடு திரும்ப மணிக்கு 47 கி.மீ. வேகம் வேண்டும். அப்போது கால்கள் தாங்குவது உடல் எடையைப் போல இரு மடங்கு. பலகையை வளைப்பது அந்த அழுத்தம்தான்.

சுருக்கமாக: சைட்கட் என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. சாய்வும் பலகையின் வளைவும் சேர்ந்துதான் திருப்பத்தைத் தீர்மானிக்கின்றன. வளைவு ஒரே சீராக இருந்தால் விளிம்பு முழுவதும் பனியைப் பிடிக்கும். எங்காவது தட்டையாக நின்றால் அங்கே பிடி விடும்.

பலகைக்குள் என்ன இருக்கிறது

குறுக்கே அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தளம், அதன் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு. நடுவில் மரக் கரு. கருவுக்கு மேலும் கீழும் கண்ணாடி இழை அடுக்குகள். இன்றைய பந்தயப் பலகை என்றால் அவற்றோடு டைட்டனால் தகடுகளும் உண்டு. டைட்டனால் என்பது ஆஸ்திரியாவில் தயாராகும் உறுதியான அலுமினியக் கலவை. ஸ்னோபோர்டுக்கு வருமுன்பே பனிச்சறுக்குக் கட்டைகளில் புழங்கியது. ஸ்னோபோர்டுப் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் கெஸ்லர், ஆஸ்திரியாவின் எஸ்ஜி போன்ற பட்டறைகளின் பலகைகள் உலோகத்தாலேயே பேர் பெற்றவை. எஸ்ஜியைத் தொடங்கியவர் 2006 டுரின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சிகி கிராப்னர்.

உலோகம் என்றதும் கனம், விறைப்பு என்று எண்ணம் ஓடும். கனம் சரி. விறைப்பைப் பொறுத்தவரை கதையே வேறு. ஒரு பலகையின் விறைப்பில் இரண்டு வகை உண்டு. மூக்கிலிருந்து வால்வரை வளைப்பதை எதிர்ப்பது நீள்விறைப்பு. ஈரத் துணியைப் பிழிவதுபோல் மூக்கை ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் திருகுவதை எதிர்ப்பது முறுக்கு விறைப்பு. திருப்பத்துக்கு வேண்டியது முதலாவது மிதமாகவும் இரண்டாவது பலமாகவும் இருப்பது. முறுக்கு விறைப்பு போதாவிட்டால் காலுக்கு அடியில் 60 பாகை சாய்ந்திருக்கும் பலகை மூக்கில் அதைவிடக் குறைவாகச் சாய்ந்து பிடியை நழுவவிடும்.

கண்ணாடி இழை தான் ஓடும் திசையில்தான் பலம் காட்டும். முறுக்கத்தை எதிர்க்க அதைக் கோணலாக அடுக்க வேண்டும், அடுக்க அடுக்க நீளவாக்கிலும் விறைத்துக்கொண்டு வரும். உலோகத் தகட்டுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி எதிர்க்கும். ஆகவே கருவை மெலிதாக்கி நீள்விறைப்பைக் குறைத்தாலும் முறுக்கு விறைப்பு கைவிடாது. மெலிதாக்குவது சிறிய விஷயமல்ல. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கில் ஏறும். தடிமனை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். மரக் கருவைச் சீவும் இடத்தில் அரை மில்லிமீட்டருக்காகப் பட்டறைக்காரர்கள் அலட்டிக்கொள்வது இதனால்தான். ஓட்டுபவரின் எடையைக் கேட்காமல் பலகை செய்து தரமாட்டோம் என்று சொல்லும் சிறு பட்டறைகளின் பிடிவாதமும் நியாயமானதே.

“உலோகம் அதிர்வை உறிஞ்சும்” என்பது இன்னொரு அரைகுறை உண்மை. அலுமினியத்தைத் தட்டினால் கணகணவென்று ஒலிக்கும். தானாக அதிர்வை அடக்கும் குணம் அதற்கு மிகக் குறைவு. பலகைக்குள் தகட்டை ஒட்டி மெல்லிய ரப்பர்ப் படலம் வைக்கிறார்கள். பலகை நடுங்கும்போது விறைப்பான தகட்டுக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் அந்த ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைச் சிறு வெப்பமாக்கிவிடுகிறது. கூடுதல் கனமும் இளகிய வளைமையும் இதோடு சேரும்போதுதான் உலோகப் பலகையின் அந்தப் பேர்பெற்ற அமைதி பிறக்கிறது. பாராட்டு ரப்பருக்கும் போக வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழை வளைந்து மீண்டும் நிமிரும், எல்லை தாண்டினால் முறியும். உலோகமோ எல்லை தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். மூக்கு ஒரு பள்ளத்தில் குத்தி மடங்கினால், உலோகப் பலகையில் அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

வடிவமும் மாறியிருக்கிறது. பழைய பலகைகளில் சைட்கட் ஒரே ஆரம். இப்போது மூக்கில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, வாலில் ஓர் அளவு. விவரக் குறிப்பில் ஒரே எண் போட்டிருந்தால் அது சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கும் முன்னைவிடச் சீக்கிரமாகவே மேல்நோக்கி எழத் தொடங்குகிறது. திருப்பத்துக்குள் நுழையும்போது கடிக்காமல் நழுவி உள்ளே போகும்.

ஓர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள்

நீளமான பிளாஸ்டிக் அடிக்கோலை இரு முனையிலும் பிடித்து வளைத்தால் அழகான ஒரே வில்லாக வளையும். அதன் மேல் விரல் நீளத்தில் இரண்டு மரத்துண்டுகளைப் பசையால் ஒட்டிவிட்டு மீண்டும் வளையுங்கள். துண்டுகளுக்கு அடியில் தட்டை. இடையில் ஒரு வளைவு, வெளியில் இன்னொரு வளைவு. வில் போய், மூலைகள் வந்துவிட்டன.

பைண்டிங்கை நேரடியாகப் பலகையில் திருகினால் நடப்பது இதுதான். உலோக பைண்டிங், அதன்மேல் வளையாத பூட், அதற்குள் கால். பலகையின் நடுப்பகுதியில் இரண்டு இடங்கள் அசையாமல் போகின்றன. பலகையைச் செய்தவர் அந்த விறைப்பையும் கணக்கில் எடுத்துத்தான் கருவைச் சீவியிருப்பார். ஆனால் வேறு பைண்டிங், வேறு நிற்கும் அகலம் என்று மாறும்போது அந்தக் கணக்கு சற்றே பிசகும்.

பலகை காலையும் சும்மா விடுவதில்லை. முன்பு பார்த்த அதே திருப்பத்தில், கால்களுக்கு இடையே 50 செ.மீ. இருந்தால், பலகை வளையும்போது இரண்டு காலணிகளும் ஒன்றை நோக்கி மற்றொன்று இரண்டரை பாகை அளவுக்குச் சாயும். கணுக்கால் அசைய முடியாத கெட்டிக் காலணியில் அந்தச் சாய்வை முழங்காலும் தொடையும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் பலகை வளைய முடியாது. இது சீரான பனியில். பலர் இறங்கிய தடத்தில், கம்பத்துக்குக் கம்பம் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே ஒவ்வொரு பள்ளமும் இந்தக் கோணத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நேரடியாகப் பூட்டினால் தொல்லை இரு திசையிலும் ஓடுகிறது: கால் பலகையை வளையவிடாமல் செய்கிறது, பலகை காலை உலுக்குகிறது.

பிளேட் செய்யும் வேலை

இங்கே பிளேட் என்பது பைண்டிங்குக்கும் பலகைக்கும் நடுவில் வரும் நீண்ட தட்டு. ஹார்டு பூட் பைண்டிங்கையே “பிளேட் பைண்டிங்” என்று சொல்வதும் உண்டு. அது வேறு பொருள், இதோடு சேர்க்க வேண்டாம்.

மீண்டும் அடிக்கோலுக்கு வருவோம். மரத்துண்டுகளை எடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு இன்னொரு குட்டைக் கோலை வைத்து, இரு முனைகளையும் கீழ்க்கோலோடு இறுக்கிக் கட்டுங்கள். இப்போது வளைத்தால் முன்பைவிட மோசம், அசையவே அசையாது. கீழ்க்கோல் வளையும்போது மேலே இருக்கும் இரு முனைகளும் நெருங்கி வரப் பார்க்கின்றன. நடுவில் நிற்கும் கோல் விடமாட்டேன் என்கிறது. ஒரு முனைக் கட்டைத் தளர்த்தி, முன்னும் பின்னும் நகரும்படி விட்டுவிடுங்கள். கீழ்க்கோல் உடனே பழைய வில்லாக வளையும், மேற்கோல் நேராகவே நிற்கும்.

தனிமைப்படுத்தும் பிளேட் என்று சொல்லப்படுவதன் முழு ரகசியமும் இதில் அடங்கிவிட்டது. முன்னும் பின்னும் பலகையின் குறுக்கே ஓர் அச்சு. ஒன்று சுழல மட்டும் செய்யும். மற்றது சுழலும், கூடவே ஒரு காடியில் நகரவும் செய்யும். இந்த இரண்டு அச்சுகளின் மேல் பிளேட், பிளேட்டின் மேல் பைண்டிங், அதில் கால். கீழே பலகை தன் போக்கில் வளையலாம். மேலே கால்கள் ஒரே தளத்தில் நிற்கும்.

அந்த நகர்வு எவ்வளவு என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். அச்சுகளுக்கு இடையே 60 செ.மீ., பிளேட்டின் உயரம் 3 செ.மீ. என்றால், நமது 10 மீட்டர் திருப்பத்தில் காடியில் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதைத் தடுத்துவிட்டாலோ பலகை இரண்டு தட்டு அடுக்கிய பாலமாகிவிடும். “பிளேட் பலகையை விறைப்பாக்கும்” என்ற பேச்சு, சரியாக நகராத அல்லது இரு முனையும் இறுக்கிய பிளேட்டை ஓட்டியவர்களிடமிருந்து வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அவர்கள் உணர்ந்தது உண்மைதான்.

எல்லா பிளேட்டும் இந்த வகை அல்ல. அச்சு இல்லாமல், ரப்பர் மெத்தை வைத்துப் பலகையோடு நெருக்கமாக உட்காரும் மெல்லிய தட்டுகளும் உண்டு. அவை நடுக்கத்தைக் குறைக்கும், சிறிது உயரம் தரும். காலையும் பலகையையும் முழுமையாகப் பிரிக்காது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் ஒரே பொருளைப் பற்றியவை போலத் தோன்றுகின்றன.

இன்னொரு விளைவையும் கவனிக்க வேண்டும். பைண்டிங்கும் காலணியும் தந்த விறைப்பு போய்விட்டதால், நேரடியாகப் பூட்டுவதற்கென்று செய்த இளகிய பலகை பிளேட்டுக்குக் கீழே மேலும் இளகியதுபோல் தெரியும்; வேகத்தில் அளவுக்கு மேல் வளைந்து போகலாம். பிளேட்டுக்கென்றே செய்யும் பலகையில் அந்த விறைப்பைக் கருவிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. அதே பலகையைப் பிளேட் இல்லாமல் ஓட்டிவிட்டு “கட்டை மாதிரி இருக்கிறது” என்று குறைசொல்வது, பலகையைச் செய்தவருக்குச் செய்யும் அநியாயம்.

உயரம் எதற்கு?

காலணியின் நுனியோ குதிகாலோ பலகையின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், ஆழமாகச் சாயும்போது அது பனியில் உரசும். உரசினால் விளிம்பு பனியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அடுத்த நொடி ஓட்டுபவர் இடுப்பில் சறுக்கிக்கொண்டிருப்பார். நீட்டல் 1 செ.மீ., காலணியின் அடி பலகையின் தளத்திலிருந்து 2 செ.மீ. உயரம் என்றால் 63 பாகையிலேயே தொட்டுவிடும். உயரத்தை 4 செ.மீ. ஆக்கினால் 76 பாகை வரை போகலாம். விளிம்பு பனிக்குள் புதைவதையும் சேர்த்தால் இரண்டு எண்ணும் இறங்கும். பலகையை மேலும் ஒடுக்கமாக்க முடிந்ததில் இந்த உயரத்துக்கும் பங்குண்டு.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்?

பிளேட்டோடு ஓட்டுபவர் முதலில் கவனிப்பது சத்தம் அடங்கியது போன்ற ஓர் உணர்வு. பள்ளத்தில் மூக்கு மேலே எழும், கால் எழாது. கீழே பலகை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிதைந்த தடத்திலும் இறுகிய பனியிலும் விளிம்பு விட்டுவிட்டுப் பிடிக்காமல் தொடர்ந்து பிடிக்கும். பந்தயக்காரருக்கு இது போதும். கடைசி ஆளாக, மிக மோசமான தடத்தில் இறங்கும்போது இந்த நிதானத்துக்கு ஈடில்லை.

இழப்பதும் உண்டு. இரண்டு கால்களையும் எதிரெதிராக அழுத்திப் பலகையைச் சற்றே முறுக்கித் திருப்பத்தைத் தொடங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் போய்விடும். பலகை ஒரே பொருளாகச் சாயும். பனி மாறுவதைக் கால் தாமதமாகவே அறியும். ஒரு கிலோவுக்கு மேல் கனம் கூடும், அது மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டில் தொங்கும்போதும் தெரியும், சட்டென்று விளிம்பு மாற்றும்போதும் தெரியும். அதனால் ஸ்லாலம் போன்ற குறுகிய, படபடவென்ற திருப்பங்களில் பிளேட்டின் லாபம் குறைவு என்பது என் கணிப்பு. கம்பங்களுக்கு இடையே இருபது மீட்டருக்கு மேல் இருக்கும் ஜயன்ட் ஸ்லாலத்தில்தான் அது தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

எப்போது வாங்கலாம், எப்படி ஒப்பிடலாம்

விளிம்பில் முழுத் திருப்பம் போட இன்னும் பழகாதவருக்கு பிளேட் தேவையில்லை. தவறு எங்கே என்று சொல்லிக்கொடுப்பது காலுக்கு வரும் அந்த உதறல்தான். அதை மறைத்துவிட்டால் கற்பது தாமதமாகும். பந்தயத்துக்கென்று செய்த 185 செ.மீ. பலகைக்கும் இதே பதில்: அதை வளைக்கும் வேகம் வராதவரை அது ஒரு நீளமான மரப்பலகை மட்டுமே. காலையில் சீரான சரிவில் மட்டும் ஓட்டி மகிழ்பவருக்கு நல்ல உலோகப் பலகையும் நேரடி பைண்டிங்கும் தாராளமாகப் போதும்.

இரண்டு பலகைகளை ஒப்பிடுவதானால் பூட், பைண்டிங், நிற்கும் அகலம், பிளேட் நான்கும் ஒன்றாக இருக்கட்டும். விளிம்புகளை ஒரே கோணத்தில் தீட்டியிருக்க வேண்டும். ஒரே நேரத்துப் பனியில் ஓட்டுங்கள். காலை பத்து மணிப் பனியும் மதியப் பனியும் ஒரே மலையில் இருந்தாலும் இரண்டு வேறு தளங்கள். பிறகு அதே பலகையை பிளேட்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பலகைகளுக்கு இடையே கண்ட வித்தியாசத்தைவிட இது பெரிதாக இருக்கக்கூடும்.

பிளேட் வாங்கிவிட்டால் பராமரிப்பில் ஒன்றை மட்டும் விடக்கூடாது. ஈரப்பனி பிளேட்டுக்கும் பலகைக்கும் இடையில் புகுந்து உறைந்துகொள்ளும், நகரும் அச்சின் காடியிலும் கட்டிக்கொள்ளும். அப்போது அந்த ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வு நின்று, பலகை அன்றைக்கு முரண்டு பிடிக்கும். லிஃப்டிலிருந்து இறங்கியதும் காடியை ஒருமுறை பாருங்கள்; பனி அடைத்திருந்தால் தட்டி எடுத்துவிட்டு இறங்குங்கள்.